பதினாலு வட்டம்

"யோகம், ஒரு பேணி ஏன் விழுகுது, சொல்லு பாப்பம்?"

அண்ணை இப்படிக் கேட்டுக்கொண்டுதான் என் வாசலுக்கு வந்தார். கையில் அடிமட்டம், காதில் பென்சில். முப்பத்திரண்டு வருசம் அரசாங்கக் கந்தோரில் கட்டடங்களுக்குப் படம் கீறின மனுசன். இளைப்பாறிப் பதினைந்து வருசமாகியும் அந்தப் பென்சில் காதை விட்டு இறங்கவில்லை. கரவெட்டியில் ஒரே வளவுக்குள் முன்வீடு அவருடையது, பின்வீடு தங்கச்சி என்னுடையது.

"கை தட்டினால் விழும்," என்றேன்.

"கை எல்லாரும்தான் தட்டுறம். அடி ஒடுங்கி உயரம் கூடினால் விழும். தட்டினாலும் விழாத மாதிரி பேணி அடுக்க ஒரு றாக்கை செய்யப்போறன்."

யாருக்கென்று நான் கேட்கவில்லை. அவருடைய மனுசி, என் நல்லம்மா மச்சாளுக்கு, ஒரு வருசமாகக் கைநடுக்கம். குசினித் தட்டில் சாமான் போட்ட ஒரு தகரப் பேணியை எடுக்கப்போனால் பக்கத்தில் இருக்கிற இரண்டு சரியும். அந்தக் கிழமை மட்டும் மிளகாய்த்தூள் ஒருதரம், நல்லெண்ணெய் ஒருதரம் நிலத்தில். கனடாவிலிருக்கிற மகள் கஜானி இதைக் கேள்விப்பட்டு, "அம்மாவை இனிக் குசினிக்கை விடாதேங்கோ, சமைக்க ஒரு ஆளை வையுங்கோ" என்று போனில் சொல்லிவிட்டாள்.

மச்சாள் அன்றைக்கு அழுதா. "குசினியை விட்டிட்டு நான் என்ன செய்யிறது, யோகம்? கதிரையைப் போட்டுக்கொண்டு றோட்டிலை போறவையை எண்ணுறதோ?"

அந்த அழுகைக்குத்தான் அண்ணையின் பதில், றாக்கை.

முதல் செய்ததில் தட்டின் முன்பக்கம் ஒரு சட்டம் அடித்தார். பேணிகள் முன்னுக்கு விழவில்லை, பக்கவாட்டில் விழுந்தன. அடுத்ததில் தட்டையே பின்னுக்குச் சரித்தார். போத்தல்கள் எல்லாம் சுவரில் முதுகு சாய்த்துக்கொண்டு நின்றன.

"என்னப்பா, கள்ளுத் தவறணையாலை வந்த ஆக்கள் மாதிரியல்லோ நிக்கினம்," என்றா மச்சாள்.

"சிரியும், சிரியும். மூண்டாவதைப் பாத்திட்டுச் சிரியும்."

மூன்றாவதுக்குத்தான் இரண்டு பலகை. மேல் பலகையில் ஒவ்வொரு பேணிக்கும் அதன் அடியளவுக்கு ஒரு வட்டம் வெட்டுவது. கீழ்ப்பலகையில் பேணி குந்தும். இரண்டு அங்குலம் வட்டத்துக்குள் இறங்கி நின்றால் எந்தப் பக்கமும் சரிய இடமில்லை. பாரமானது கீழே, இலேசானது மேலே. படம் ஐந்து தாளில் இருந்தது. நெல்லியடிக்குப் போய்ப் பலகை வாங்கி, எழுபத்து நாலு வயதில் தானே அறுத்து, தானே அரம் போட்டார். இரண்டு மாசம். தோள்மூட்டு வீங்கி, நான்தான் எண்ணெய் பூசிவிட்டேன்.

"வட்டத்தை இறுக்கமாய் வெட்டாதேங்கோ அண்ணை. நடுங்கிற கை இழுத்தெடுக்க வேணும்."

"சுத்திவர இடைவெளி விட்டிருக்கிறன். எனக்குப் படிப்பிக்காதை."

கடைசியில் ஒருநாள் சொன்னார்: "நாளைக்கு எனக்கு முழுநாளும் குசினி வேணும். அவளை எங்கையாவது கூட்டிக்கொண்டு போ. வந்து பாக்கேக்கை எல்லாம் அடுக்கி முடிஞ்சிருக்கோணும்."

மச்சாளுக்குக் கீரிமலையில் ஒரு நேர்த்தி இருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் திரும்பி வர, அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சாரும், வந்து உதை ஆட்டிப் பாரும்."

மச்சாள் தொட்டுப் பார்த்தா. அண்ணை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ஒரு மூடிகூடக் கிலுங்கவில்லை.

"இருபத்தொரு சாமான் இருந்தது. நான் பதினாலாய்க் குறைச்சுப்போட்டன்."

"எப்பிடி?"

"நீர் ஏழு சாமானிலை ரெண்டு ரெண்டல்லோ வைச்சிருந்தனீர். ரெண்டு உப்பு, ரெண்டு தூள், ரெண்டு புளி, ரெண்டு எண்ணெய். மறதியிலை திரும்பத் திரும்ப நிரப்பிப் போட்டீராக்கும் எண்டு சோடி சோடியாய் ஒண்டாய்க் கொட்டிப்போட்டன். ஏழு வட்டம் வெட்டுற வேலை மிச்சம்."

நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன்.

மறதியுமில்லை, ஒன்றுமில்லை. மீன் காய்ச்சுகிற கை தொட்ட உப்பு வெள்ளிக்கிழமைச் சமையலுக்குள் போகாது. கதவடித் தட்டில் இருந்தது மச்சத்துக்கு, கிழக்குச் சுவர்த் தட்டில் இருந்தது சைவத்துக்கு. ஒன்றிலும் பெயர் எழுதியில்லை. இருந்த இடம்தான் அடையாளம். நாற்பத்து நாலு வருசம் அந்த வெள்ளிக்கிழமைச் சோற்றைத் தின்ற மனுசனுக்கு அது தெரியாது. தெரியவேண்டி வந்ததுமில்லை, சோற்றுக் கோப்பை நிறைந்து மேசைக்கு வரும்.

"நல்லாயிருக்கு," என்றா மச்சாள். "சரியாய்ப் பாடுபட்டிருக்கிறியள்."

கால் கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்கு வந்து என் கையைப் பிடித்தா. "யோகம், பத்து நாளிலை கந்தசஷ்டி. நான் என்னத்தைப் போட்டுச் சமைக்கிறது? இவருக்குச் சொல்லட்டோ?"

இந்த இடத்தில் நான் "ஓம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல்.

"சொல்லாதேங்கோ மச்சாள். அண்ணை உடைஞ்சு போவார். அந்தத் தோளைக் கண்டியள்தானே. நான் புதுசாய் ஏழு போத்தலும் சாமானும் வாங்கித் தாறன். ஒரு மட்டைப்பெட்டிக்கை போட்டு உங்கடை கட்டிலுக்குக் கீழை வையுங்கோ. விரத நாளிலை எடுங்கோ, முடியத் திருப்பி வையுங்கோ."

"அவரைப் பேய்க்காட்டச் சொல்லுறீர்."

"பேய்க்காட்டுறதில்லை. மனம் நோகாமல் பாக்கிறது."

"நீர் ஆற்றை பக்கம்? உம்மடை அண்ணையின்ரை பக்கமோ, என்ரை பக்கமோ?"

"ரெண்டு பக்கமும்."

மச்சாள் சிரித்தா. எனக்கும் என் கெட்டித்தனத்தில் ஒரு பெருமை. அடுத்தநாளே நெல்லியடிக்குப் போய் வாங்கி வந்தேன், கண்ணாடிப் போத்தலாய். பிளாஸ்ரிக்கில் மணம் பிடிக்கும் என்று நினைத்தேன்.

கந்தசஷ்டி ஆறு நாளும் ஒரு குறையுமில்லாமல் போனது. பிறகு வெள்ளிக்கு வெள்ளி. அண்ணை வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்கப் போனதும் மச்சாள் குனிந்து பெட்டியை இழுத்து, ஒவ்வொரு போத்தலாய்க் கொண்டுபோய், சமைத்து முடிய ஒவ்வொன்றாய்த் திருப்பிக் கொண்டுவருவா. முதலில் நானும் போய் எடுத்துக் கொடுத்தேன். மார்கழியில் எனக்கு முழங்கால் நோ. இரண்டு வெள்ளி போகவில்லை, பிறகு அதுவே பழக்கமாய்ப் போய்விட்டது.

தை மாசம், மூன்றாம் வெள்ளி. சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. ஓடிப்போனேன். அறைவாசலில் எண்ணெய்ப் போத்தல் உடைந்து கிடந்தது. அதில் வழுக்கி மச்சாளும் கிடந்தா.

"யோகம், முதல் உந்த எண்ணெயைத் துடையும்," என்றா. "இவர் வரப்போறார்."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆசுப்பத்திரியில் அவவை விட்டுவிட்டு இரண்டாம் நாள் நான் முன்வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோக, அண்ணை அறை நிலத்தில் இருந்தார். மட்டைப்பெட்டி மடியில்.

"உது என்ன, யோகம்?"

சொன்னேன். உப்பு எது, தூள் எது, கதவடி எது, கிழக்குச் சுவர் எது, எல்லாம்.

"அவள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டவ. நான்தான் வேண்டாமெண்டனான்."

"ஏன்?"

"நீங்கள் பாடுபட்டதைப் பாத்து..."

"நான் அடியை அளந்தன், உயரத்தை அளந்தன். ஏன் ரெண்டு எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. அது என்ரை பிழை, நான் ஒப்புக்கொள்ளுறன்." பெட்டியின் மூடியை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். "ஆனால் பலகையிலை இன்னும் ஏழு வட்டம் வெட்டுறது எனக்கு ஒரு கிழமை வேலை, யோகம். ஒரு கிழமை."

கொண்டுபோன சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு வந்தேன்.

மாசி கடைசியில் மச்சாளை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். கட்டிலோடுதான். அண்ணை அடுத்தநாளே புதுப் படம் கீறத் தொடங்கினார். இந்தமுறை இரண்டு றாக்கை. தாளைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாய்க் கேட்டார்.

"புளி எந்தப் பக்கம் வைக்கிறனீர்?"

"அடுப்புக்குக் கிட்ட."

"சைவத்துக்கு மஞ்சள் தனியவோ?"

"தனியத்தான்."

"கடுகு?"

"கடுகு ஒண்டு காணும்," என்றா. பிறகு, "இல்லை, அதுவும் ரெண்டாய் இருக்கட்டும்."

அவர் எழுதினார். அந்த அறையில் இரண்டு பேரும் அப்படிக் கதைத்து நான் கண்டதில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. படத்தை எனக்குக் காட்டவுமில்லை. முந்தின மூன்று றாக்கைக்கும் முதல் என்னிடம்தான் கொண்டு வந்தவர்.

ஒன்றே ஒன்று மட்டும், வெளியே வந்து மெல்லக் கேட்டார். "அவள் எழும்பி நிண்டால் தோள் எந்த உயரத்துக்கு வரும்? உன்ரை தோளளவு வருமோ?"

"அண்ணை, டொக்டர் சொன்னவரெல்லோ. இனி நிண்டு சமைக்கிறது..."

"அவளுக்கு உதைச் சொல்லாதை. இப்ப சொல்லாதை. மனம் விட்டிடுவாள்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை, அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மச்சாளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் அரம் போடுகிற சத்தம்.

"யோகம், டொக்டர் உங்கள் ரெண்டு பேரையும் வெளியாலை கூப்பிட்டுக் கதைச்சவர். நான் கண்டனான். என்ன சொன்னவர்?"

"நல்லாய் வருதாம் எண்டு..."

"யோகம்."

சீப்பை மடியில் வைத்தேன். "தடியோடை நாலடி நடக்கலாமாம், மச்சாள். குசினியிலை நிண்டு சமைக்கிறது இனி ஏலாதாம்."

அவ சுவர்ப்பக்கம் திரும்பினா. கை போர்வைக்கு வெளியே கிடந்தது. நான் அதைப் பிடிக்கவில்லை, பிடிக்கிற உரிமை எனக்கு இருக்கிறதோ தெரியவில்லை. அரச் சத்தம் நின்று, திரும்பத் தொடங்கியது.

"இவருக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டே அறுக்கிறாரோ?"

"ஓம்."

சுவரைப் பார்த்தபடியே கதைத்தா. "அப்ப இனி இவர்தானே காய்ச்சப்போறார். குனிஞ்சு நிமிர்ந்தால் நாரிப்பிடிப்பு வரும் அவருக்கு. போய்ச் சொல்லும்."

பின்பக்கம் போனேன். அண்ணை பலகையை நிமிர்த்தி வைத்து, இனி நிற்க ஏலாத ஒரு ஆளின் தோளுக்கு நேரே பென்சிலால் கோடு கீறிக்கொண்டு நின்றார்.

"அண்ணை," என்றேன், "மச்சாளுக்குச் சொல்லிப்போட்டன். அந்தக் கோட்டை அழிச்சுப்போட்டு உங்கடை தோளுக்கு அளக்கச் சொன்னவ."