நடுவரின் திருப்தி

மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றும் அந்தப் பட்டறையில் அவரைச் சொந்தப் பெயரால் யாரும் அழைத்ததில்லை. ‘குழாய்’ என்றுதான் அன்போடு அழைப்பார்கள். காரணம் அவருடைய மூக்கு. வெயில் சற்றுக் கடுமையானாலோ, பந்து நெற்றியில் கொஞ்சம் பலமாகப் பட்டாலோ, அந்த மூக்கு யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல் திறந்துகொண்டுவிடும். மற்றபடி, பட்டறை அணியில் அவரைப் போன்ற தடுப்பாட்டக்காரர் வேறு எவரும் இல்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

கால்பந்து விதிகள் ரத்த விஷயத்தில் தயவுதாட்சண்யம் பார்ப்பதில்லை. ரத்தம் வடியும் ஆட்டக்காரர் உடனே மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும். ரத்தம் நிற்க வேண்டும், கறைபட்ட சட்டையை மாற்ற வேண்டும். இவையெல்லாம் முறையாக நடந்திருக்கின்றன என்று நடுவருக்குத் திருப்தி ஏற்பட்டு, அவர் கையசைத்த பிறகே மீண்டும் உள்ளே நுழையலாம். மற்ற நிபந்தனைகளில் குழாய்க்கு எந்த வருத்தமும் இல்லை. நடுவரின் திருப்தி என்ற இடத்தில்தான் சிக்கல். ஏனெனில் நடுவர் அவருடைய மனைவியின் அண்ணன்.

அண்ணன் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகச் சென்று தராசுகளைச் சந்தேகிப்பது அவருடைய உத்தியோகம். உத்தியோகத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வரும் வழக்கம் அவருக்கு இல்லை. தங்கையின் கணவர் வாங்கிய வீடு இருட்டு, ஓட்டும் வண்டி சத்தம், சிரிக்கும் சிரிப்பு அவசியத்துக்கு மேல் நீளம் என்பது அவருடைய மதிப்பீடு. திருமணமான நாள் முதல் இன்றுவரை அவர் எதிலாவது திருப்தி அடைந்ததாகக் குடும்பத்தில் எவருக்கும் நினைவில்லை.

இந்த நிலையில்தான் வங்கி அணியுடனான ஆட்டத்துக்குப் புறப்படும்போது, வாசலில் காலணிக் கயிற்றை முடிந்துகொண்டிருந்த குழாயிடம் மனைவி தம் முடிவை அறிவித்தார்.

“ரத்தச் சட்டை துவைச்சுத் துவைச்சு என் கை போச்சு. இன்னைக்குக் கடைசி விசில் ஊதுறப்போ நீங்க கோட்டுக்கு உள்ள நிக்கணும். வெளியில நின்னீங்கன்னா, இனிமே பந்தும் கிடையாது, பட்டறை அணியும் கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாருமா எங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம். காலையில போயி ராத்திரி வர்றோம்.”

“வாரா வாரமா?”

“வாரா வாரம்.”

குழாய் காலணிக் கயிற்றில் இன்னொரு முடிச்சைப் போட்டார்.

இடைவேளை வரை மூக்கு மிகுந்த பொறுப்போடு நடந்துகொண்டது. அதன் பிறகு வங்கிக் காசாளர் உதைத்த பந்து நேராக வந்து முகத்தில் மோதியது. அடுத்த கணம் சட்டையின் முன்பக்கம் சிவந்தது. விசில் ஒலித்தது. மைத்துனர் விரலை நீட்டி எல்லைக்கோட்டைக் காட்டினார். அந்த விரலில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்ததாகக் குழாய்க்குத் தோன்றியது.

மாற்று ஆட்டக்காரர்கள் அனைவரும் முன்பே இறங்கிவிட்டிருந்தார்கள். எனவே குழாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்தார். உபரியாக இருந்த ஒரே சட்டை, பட்டறையிலேயே பருத்தவரான, கடைசல் எந்திரம் ஓட்டுபவருடையது. அதை அணிந்தபோது அது முழங்காலைத் தொட்டது.

“என்ன குழாய், நைட்டி நல்லாயிருக்கே!” என்றார் கடைசல்காரர்.

“அண்ணே, நீங்க வேற. வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க.”

ரத்தம் நின்றதும் கையை உயர்த்தினார். மைத்துனர் வந்தார், மூக்கைப் பார்த்தார், வலது துவாரத்தில் ஈரம் என்றார், போய்விட்டார். மறுபடியும் கையை உயர்த்தினார். காலுறையில் புள்ளி என்றார் மைத்துனர். காலுறையை மாற்றிக்கொண்டு மூன்றாவது முறை அழைத்தபோது, “எனக்கு இன்னும் திருப்தி வரலை, மாப்பிள்ளை” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். எதிர்ப்புறப் படிக்கட்டில் மனைவி எழுந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

அப்போது வங்கி அணிக்காரர் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சரிய, ஆட்டம் நின்றது. தண்ணீர் குடிக்கக் கோட்டருகே வந்தார் மைத்துனர். குழாய் கெஞ்சத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த இறுகிய முகத்தைக் கண்டதும் கெஞ்சல் தொண்டையிலேயே திரும்பிப் போய், வேறொன்று வெளியே வந்தது.

“மச்சான், உங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?”

“எதுக்கு?”

“அதுக்கு முன்னாடி வந்து கதவைத் தட்டக் கூடாது பாருங்க. உங்க தங்கச்சி சொல்லலையா? நான் வெளியில நிக்கும்போது ஆட்டம் முடிஞ்சா, இனிமே ஞாயித்துக்கிழமை பூரா உங்க வீட்டுலதான்.”

மைத்துனரின் தொண்டையில் தண்ணீர் பாதியில் நின்றது. “யாரு, நீங்களா?”

“நான் மட்டும் வருவேனா? பசங்க ரெண்டு பேரும் வருவாங்க. எங்கம்மாவும் கிளம்பிட்டாங்க. சின்னவனுக்கு உங்க தராசுன்னா உயிரு மச்சான். போன தடவை அதுல பூனையை நிறுத்தினான்ல, இந்தத் தடவை பாட்டியை நிறுத்தணுமாம்.”

“எத்தனை வாரத்துக்கு?”

“நான் ஆட்டத்தை விட்டப்புறம் வாரத்துக்கு என்ன கணக்கு? நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டே இருக்கலாம்.” சொல்லிவிட்டு அவசியத்துக்கு மேல் நீளமாகச் சிரித்தார்.

மைத்துனர் படிக்கட்டில் நின்ற தங்கையைப் பார்த்தார். பிறகு குழாயின் முகவாயை மெல்லப் பிடித்து, குழந்தையைக் கொஞ்சுவதுபோல் உயர்த்தினார். வலது துவாரத்தின் விளிம்பில் அப்போதுதான் ஒரு துளி புதிதாகத் திரண்டுகொண்டிருந்தது. அவர் அதைத் தம் கட்டைவிரலால் துடைத்தார்.

“முழுத் திருப்தி. உள்ள போங்க.”

மீதி ஆட்டத்தில் பந்து எங்கே சென்றாலும் நடுவர் குழாயின் பக்கத்திலேயே ஓடினார். “தலையால முட்டாதீங்க. மூக்கை உறிஞ்சுங்க. இன்னும் நல்லா உறிஞ்சுங்க” என்று பல்லைக் கடித்தபடி அறிவுரை வழங்கினார். இறுதியில் காசாளர் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினார்.

“சார், அவருக்கு மூக்குல ஒழுகுது பாருங்க!”

நடுவர் மிகுந்த கௌரவத்தோடு குனிந்து ஆராய்ந்தார். “ஜலதோஷம்.”

“செவப்பா இருக்கே சார்?”

“கடுமையான ஜலதோஷம். ஆட்டத்தைப் பாருங்க.”

கடைசி விசில் ஒலித்தபோது பட்டறை அணி மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தது. முழங்கால் வரை தொங்கிய சட்டையோடு குழாய் துள்ளிக் குதித்தார். சக ஆட்டக்காரர்கள் அவரை முறைத்தார்கள். மனைவி படியிறங்கி மைதானத்துக்குள் வருவதைக் கண்டதும் மைத்துனர் விரைந்து வந்து குழாய்க்கு முன்னால் சுவர்போல் நின்றுகொண்டார்.

“அண்ணா, அவருக்கு ரத்தம் நின்னுடுச்சா?”

“அப்பவே நின்னுடுச்சும்மா. நானே பார்த்தேன். நீ போய்ப் பசங்களைக் கூட்டிக்கிட்டு வா.”

மனைவி சந்தேகத்தோடு திரும்பி நடந்தார். மைத்துனர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“இன்னும் வருதா?”

“வருது மச்சான்.”

“என் முதுகை ஒட்டியே நடங்க. வண்டி வரைக்கும் நான் மறைச்சுக்கிறேன்.”