ஜெய்ராம் வைத்துவிட்டுப் போன சத்தம்

என் வீட்டுக்காரர் ஜெய்ராமுக்கு பேங்க் உத்தியோகம் பேருக்குத்தான். லீவு கிடைத்தால் டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் ஸிந்தசைசர் என்கிற எலெக்ட்ரிக் கீபோர்டு வாசிக்கப் போய்விடுவார். வீட்டிலும் ஒன்று வைத்திருந்தார், பழைய அனலாக் மிஷின். குமிழ்களைத் திருகித் திருகித்தான் ஒரு சத்தத்தை உண்டாக்க வேண்டும். எதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. குமிழ் நகர்ந்தால் அந்தச் சத்தம் போயே போச்சு.

போன வருஷம் ஒரு சாயங்காலம், "மாதங்கி, தேடிண்டே இருந்த சத்தம் கிடைச்சுடுத்து, வந்து கேளு" என்று கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு நான் போவதற்குள் மிஷினில் பவர் சப்ளை போய்விட்டது. அதை ரிப்பேருக்குக் கொடுப்பதற்குள் அவரும் போய்விட்டார்.

அப்புறம் அவர் வைத்துவிட்டுப் போன நிலை மாறிவிடக் கூடாதென்று அந்தக் குமிழ்களை யாரையும் நான் தொட விடவில்லை. பெயின்ட் பிரஷ்ஷால்தான் தூசி தட்டுவேன். காரணத்தையும் சொல்லவில்லை, சொன்னால் எனக்குக் கிறுக்கு என்பார்கள். இப்போது காளிகாட் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெங்களூருக்குப் பிள்ளையிடம் போகிறேன். அங்கே எனக்கே ஒரு கட்டில் இடம்தான். மிஷினை வருண் என்கிற வாத்தியக்காரப் பையன் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கு முன் அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ரிப்பேர்காரர் தபன் வீட்டுக்கே வந்து வேலை செய்தார். நவமியன்று காலை புது பஞ்சாபி ஜிப்பா போட்டுக்கொண்டு, துர்கா பூஜைப் பந்தலுக்குப் போகிற வழியில் வந்து கடைசி ஒயரைப் பற்றவைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஒரு குமிழைக்கூடத் தொடலை பௌதி. வாசிச்சுப் பாருங்க" என்றார் வங்காளியில். பௌதி என்றால் மன்னி.

"இன்னிக்கு எங்களுக்கு சரஸ்வதி பூஜை. வாத்தியம் வாசிக்கக் கூடாது. நாளைக்குத்தான்."

"எங்க சரஸ்வதி பூஜைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே! உங்க அம்மன் ஒரு நிமிஷம் காதைப் பொத்திக்க மாட்டாளா?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாமி விஷயத்தில் என்ன கேலி! மிஷினைப் பூஜையில் வைத்துப் பட்டுத்துணியைப் போர்த்திவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜைக்காக சாந்த்ராகாச்சியிலிருந்து வந்திருந்த ஜெய்ராமின் தங்கை நாகலக்ஷ்மி, நான் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் தயார் செய்திருந்தாள். மிஷினைப் பளபளவென்று துடைத்து, ஒவ்வொரு குமிழுக்கும் சந்தனம் குங்குமம் இட்டிருந்தாள்.

"எல்லாம் கோணாமாணான்னு இருந்தது மன்னி. அண்ணா சாமான், லட்சணமா இருக்கட்டும்னு நேரா திருப்பி வெச்சுட்டேன்."

ஜெய்ராம் வைத்த சத்தம் போயே போச்சு. ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். தினம் கண் முன்னால் இருப்பதை யார் போட்டோ எடுப்பார்கள்? அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். அவளோ மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். பட்டுத்துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். நேற்று ஒரே ஒரு கட்டையை அழுத்தியிருந்தால் எந்த சரஸ்வதி என்னைக் கோபித்துக்கொண்டிருப்பாள்?

மத்தியானம் வருண் வந்து ஒரு கட்டையை அழுத்தினான். மில் சங்கு மாதிரி மொட்டையாக ஒரு சத்தம் வந்தது.

"சூப்பர் கண்டிஷன், ஆன்ட்டி!" என்றான். அவனுக்கென்ன.

நாகலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணா கடைசியா வாசிச்சது இந்தச் சத்தம்தானே மன்னி?"

"ஆமாம், இதேதான்" என்றேன்.

"இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லேன்."

வருண் மறுபடியும் அழுத்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நானும் அவள் பக்கத்தில் நின்று கேட்டேன்.