பதினேழாம் பாகத்தில் எங்கள் கல்யாணம்

எங்கள் கல்யாண வீடியோவை ஏழு தடவை வெட்டி ஒட்டினேன். ஏழு தடவையும் என் மனைவி சிவகௌரி பார்க்க மறுத்துவிட்டாள்.

"அதில ஆர் இருக்கினம்? எல்லாம் உங்கட ஆக்கள். என்ர பக்கம் ஒரு குஞ்சு குருமனும் இல்லை. நீங்களே இருந்து பாருங்கோ."

அவள் சொன்னதில் பிழையில்லை. அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு. சண்டையால் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டிக் கிடந்தது. அவளுடைய தாய்க்கு வர வழியில்லை. லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில் என் சிநேகிதன் ஒருவன்தான் பெண்ணுக்குத் தகப்பனாக நின்று தாரை வார்த்தான். போதாக்குறைக்கு என் தாய்மாமன் பரமேஸ்வரன்! கமராவைக் கண்டால் மனுசன் விடமாட்டார். நான் தாலி கட்டும்போதும் மணவறைக்கு முன்னால் தெரிவது அவருடைய முதுகு. அந்த முதுகை முடிந்தமட்டும் வெட்டி, கௌரியின் முகத்தைக் கூட்டி, அவளை எப்படியாவது ஒருமுறை பார்க்கவைத்துவிட வேண்டும் என்று வேலையிடத்து மெஷினில் மதிய இடைவேளையெல்லாம் உட்கார்ந்து மினக்கெட்டேன்.

வேலை எனக்கு லண்டன் சோஹோ வட்டாரத்தில், மதுரைக்காரர் வாசுதேவனுடைய கம்பனியில். டேப்பைப் பிரதி எடுத்து, லேபிள் ஒட்டி, விமானத்தில் அனுப்புவது. எங்கள் பெரிய வாடிக்கை ஜகார்த்தாவின் நுசா விஷன் தொலைக்காட்சி. அந்த நாட்டில் நெடுங்காலம் அரசாங்கத் தொலைக்காட்சி ஒன்றுதான். எண்பத்தொன்பதில் தனியாருக்குக் கதவு திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சானல்கள் முளைத்தன. நாள் முழுக்க ஓட்ட நிகழ்ச்சிக்கு எங்கே போவது? மெக்சிக்கோ அழுகை நாடகம், ஹொங்கொங் அடிதடி, உள்ளூர்ப் பாட்டுக் கச்சேரி, எங்கள் சாமிக் கதை, எல்லாம் வேண்டியிருந்தது. மாலைச் செய்தி மட்டும் அரசாங்கத்துடையது. எல்லாச் சானலும் அதையே காட்ட வேண்டும். அது முடிந்ததும் வியாழன்தோறும் நுசா விஷனில் எங்கள் பிள்ளையார் தொடர். படம் ஓட ஓட, அங்கே ஒருவர் கதை வசனத்தை அவர்களுடைய பாஷையில் வாசிப்பார்.

லேபிள் ஒட்டாத டேப் என்றால் மெஷினில் போட்டு முதல் படத்தைப் பார்த்து இனங்காண்பது எங்கள் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை அவசரத்தில் ஒன்றைப் போட்டேன். பிள்ளையார் வந்தார். 'பாகம் பதினேழு' என்று லேபிளை ஒட்டி அனுப்பிவிட்டேன். கடைச் சாமான் எழுதும் துண்டுக்கே பிள்ளையார் சுழி போடுகிறவன், கல்யாண வீடியோவைப் பிள்ளையார் இல்லாமலா தொடங்கியிருப்பேன்? அந்தப் புத்தி எனக்கு அப்போது வரவில்லை!

அடுத்த வியாழன் மத்தியானம் வாசுதேவன் ஒரு பேக்ஸோடு ஓடிவந்தார்.

"யோவ் பாலேந்திரா, என்னய்யா பண்ணி வச்சிருக்கே? பார்வதி கல்யாணம் போக வேண்டிய இடத்துல உன் கல்யாணம் போயிருக்குய்யா!"

பேக்ஸைப் பறித்துப் பார்த்தேன். "முழுக்கப் போட்டவையளோ?"

"முழுக்கப் போட்டாங்க. அங்கேயும் முதல்ல பிள்ளையாரைப் பாத்துட்டு சரின்னு விட்டுட்டாங்க. வசனம் வாசிக்கிறவரும் நிறுத்தலையாம்!"

பதினேழாம் பாகம் சிவன் பார்வதி கல்யாணம். அங்கும் பெண், மாப்பிள்ளை, தாலி. வாசித்தவருக்குச் சந்தேகம் வந்தபோது பாதி முடிந்துவிட்டதாம். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? வாசித்தே முடித்துவிட்டார். அடுத்த நாள் சானல்காரர்கள், அது லண்டனில் உண்மையாகவே நடந்த கல்யாணம் என்று அறிவித்து மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கு வேலை போகவில்லை; வாசுதேவனிடம் வாங்கிய ஏச்சோடு போயிற்று.

வீட்டில் சொன்னேன். கௌரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானே பாக்காததை ஒரு நாட்டுக்கே காட்டிப்போட்டியளோ? உங்களைக் கட்டினதுக்கு எனக்கு இதுவும் வேணும்!"

மூன்று நாள் என்னோடு அவள் கதைக்கவில்லை. மாமாவோ மூன்று நாளும் போன் எடுத்து, "ஜகார்த்தாவில என்னைப் பற்றி ஏதும் கேட்டவையோ?" என்றார்.

ஐந்தாம் வாரம் ஜகார்த்தாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. நேயர்களின் கடிதங்கள், அறுபத்துமூன்று. சானலில் வேலைசெய்யும் ஒரு பெண் ஒவ்வொன்றின் கீழும் அதன் கருத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கௌரி வேண்டாவெறுப்பாகத்தான் ஒன்றைப் பிரித்தாள். "மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு நின்ற தடித்த மனிதர் எந்தத் தெய்வம்?" என்று ஒரு பள்ளிக்கூடப் பெண் கேட்டிருந்தாள். கௌரிக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு கடிதத்தில் நின்றுவிட்டாள்.

சுரபாயாவில் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் எழுதியது. "பெண்ணின் தாய் அழுகிறாள் என்று வாசித்தார்கள். நான் படம் முழுக்கத் தாயைத் தேடினேன். காணவில்லை. பிறகுதான் அது உண்மைக் கல்யாணம் என்று தெரிந்தது. என் மகளும் தூர தேசத்தில்தான் கல்யாணம் கட்டினாள். நானும் அங்கே இருக்கவில்லை. அடுத்த நாள் மஞ்சள் சோறு ஆக்கி, மகளே, உன் கல்யாணச் சோறு என்று சொல்லித் தெரு முழுக்கக் கொடுத்தேன்."

கௌரி அதை இரண்டாம் தரமும் வாசித்தாள். கண் நிறைந்து வழிந்தது. எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"வீடியோவைப் போடுங்கோ," என்றாள்.

பக்கத்தில் இருந்து முழுக்கப் பார்த்தாள். மாமாவின் முதுகு வந்த இடமெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடிந்ததும் கடிதத் தாள் ஒன்றை எடுத்து, 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்துக்கு என்று நினைத்தேன். கடித உறையில் சுரபாயா விலாசம் இருந்தது.

"கௌரி, அவாவுக்குத் தமிழ் தெரியாதெல்லே?"

"தமிழ் தெரியாமல்தானே என்ர அம்மாவைத் தேடினவா," என்றாள், தலை நிமிராமல். "பேசாமல் இருங்கோ, எழுதவேணும்."