காற்றுப் புகாத பெட்டி

ஹவானாவின் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஓட்டலில் சுருட்டு அறைக்குப் பொறுப்பாளர் எவெலியோ. அரசாங்கம் கொடுக்கும் சம்பளம் பன்றிக்கறிக்கே காணாது. குடும்பம் ஓடியது வெளிநாட்டுக்காரர்கள் வைத்துவிட்டுப் போகும் டிப்ஸில்தான். அந்த டிப்ஸுக்கு இப்போது ஒரு மரப்பெட்டியால் ஆபத்து வந்திருந்தது.

தேவதாரு மரத்தில் செய்த பெரிய சுருட்டுப் பெட்டி. உள்ளே ஈரம் நின்றால்தான் சுருட்டு சுருட்டாக இருக்கும். மூடி வளைந்து ஓரமெல்லாம் இடைவெளி விட்டுவிட்டதால், எடுத்த சுருட்டெல்லாம் சருகாக உதிர்ந்தது. நாளைக்கு அமைச்சகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார். பெட்டி சரியில்லை என்றால் இடமாற்றம்தான், அதுவும் சுற்றுலாப் பயணி தலைகாட்டாத இடத்துக்கு.

அடைப்பதற்குப் பசை கேட்டு எவெலியோ மனுப் போட்டிருந்தார். பசை கையிருப்பில் இல்லை என்றும், மனு மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது என்றும் பதில் வந்தது.

பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடி, அறை விளக்கை அணைத்தார். எங்கே ஒளி கசிகிறதோ அங்கே ஓட்டை. வேடிக்கை பார்க்க பாதி ஓட்டல் கூடிவிட்டது.

“அண்ணே, இந்த மூலையில வருது பாருங்க” என்றான் மதுக்கூடத்து யோவந்திரி.

“எந்த மூலையிலடா வரல? இது பெட்டியா, லாந்தரா?” என்றார் சமையல்காரர்.

ஓட்டல் முகப்பில் உட்கார்ந்து பயணிகள் கண்ணெதிரே சுருட்டு சுற்றும் துல்சே அக்கா தன் பசைக் கிண்ணத்தோடு வந்தாள். சுருட்டின் தலையை ஒட்டி மூடும் பசை அது.

“இதை வச்சு அடை எவெலியோ. வாயில போட்டு ஒரு மணி நேரம் சப்பினாலும் விடாது. உன் பெட்டியை மட்டும் விட்ருமா?”

மரத்தூளைப் பசையில் பிசைந்து எவெலியோ மூடி ஓரமெல்லாம் அப்பினார். காய்கிற வரைக்கும் பொறுக்க அவருக்கு நெஞ்சில் தெம்பு இல்லை. ஈரம் நிற்க ஒரு ஈரத்துணியையும் எரியும் டார்ச்சையும் உள்ளே போட்டு அழுத்தி மூடினார். டார்ச் வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட வெளியே வரவில்லை. மூடிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆய்வாளர் நெரெய்தா வந்து, “திறங்க” என்றாள். எவெலியோ இழுத்தார். யோவந்திரி இழுத்தான். சமையல்காரர் கத்தியை விட்டு நெம்பியதில் கத்தி வளைந்தது. பசையும் ஈரமும் சேர்ந்து மூடியைப் பெட்டியோடு ஒன்றாக்கியிருந்தன.

“ஏன் தோழரே, திறக்காதா?”

“அவ்வளவு இறுக்கம் தோழரே.”

“காத்தே போகாதா?”

“கத்தியே போகல, பாத்தீங்களே.”

நெரெய்தா ஒரு தீக்குச்சியைக் கிழித்து மூடியின் ஓரமாகச் சுற்றிக் காட்டினாள். சுடர் அசையவில்லை. அவள் முகம் மலர்ந்தது. “இந்த ஊர்ல இப்படி ஒரு பெட்டியை நான் பாத்ததே இல்ல!”

யோவந்திரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “சுருட்டை எப்படி எடுக்கிறதுங்க?”

“என் படிவத்துல மூடியைப் பத்தித்தான் கேள்வி இருக்கு தம்பி. சுருட்டு வேற துறை.”

அந்த வாரக் கடைசியில் எவெலியோவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. தலைநகரத்து ஓட்டல் பெட்டிகள் அனைத்தையும் இதே முறையில் அடைக்கக் கற்றுக்கொடுக்கும் தலைமைப் பயிற்சியாளராக அவரை நியமித்திருந்தார்கள். இடம், அமைச்சகத்தின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுருட்டு அறைப் பொறுப்பு யோவந்திரிக்குப் போனது.

மனைவி இல்டா சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“முத்திரையெல்லாம் அழகா இருக்கு. அங்க வெளிநாட்டுக்காரங்க வருவாங்களா?”

எவெலியோ தலையை ஆட்டி இல்லையென்றார்.

“அப்ப நாளைக்கு என்னத்தை ஆக்கறது?”