ஜூலையில்தான் வருவேன்

பொறாமைதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பிரான்சில் இருக்கும் என் தங்கை ஆதிலட்சுமி மேல் எனக்குப் பதினெட்டு வருஷப் பொறாமை. அவள் கடிதம் வரும் நாளில் எங்கள் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடிவிடும். என் வீட்டுக்காரர் தணிகைவேல் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா தையலு, லெட்டர் வந்துச்சா?" என்பார்.

அவள் புருஷன் சிங்காரவேலுவின் ஜாதகம் முதலில் எனக்குத்தான் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரன் எனக்கு வேண்டாம், பாகூர் ஏரிப் பாசனத்தில் கழனி இருக்கிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று என் வாயாலேயே சொன்னேன். அப்பா அவரைத் தங்கைக்கு முடித்துவிட்டார். பிறகு புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று சர்க்காரில் கேட்டார்கள், சிங்காரவேலு கையெழுத்துப் போட்டார். அறுபத்து நாலில் இரண்டு பேரும் கப்பல் ஏறினார்கள். நான் நடவுக்கு ஆள் கூப்பிடப் போனேன்.

அவள் இருப்பது நீஸ் என்கிற கடற்கரை ஊர். கடிதம் வருவதோ ஒரு ஹோட்டலின் பெயர் அச்சடித்த வழவழப்பான தாளில். எப்போது பார்த்தாலும் ஹோட்டலில்தான் இருக்கிறாள் போலிருக்கிறது என்று வயிறெரிவேன். எழுதுவதும் அப்படித்தான் எழுதுவாள். "நவம்பரில் வெனிஸ் போயிருந்தோம் அக்கா. தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடுகிற ஊர். ஆகஸ்டில் போனால் அடுத்தவன் முதுகைத்தான் பார்க்கலாம். இப்போது பாலத்தின் மேல் நாங்கள் இரண்டு பேர்தான். ரூம் பாதி வாடகை. காபிக் கடைக்காரர் எங்களோடு உட்கார்ந்து குடும்பக் கதை பேசினார். ரயிலில் பெட்டிக்கு நாலு பேர். மரமெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. ரோட்டோரத்தில் ஏதோ கொட்டையைச் சுட்டுச் சூடாகக் கையில் தருகிறார்கள். சீசன் முடிந்த பிறகுதான் ஐரோப்பா அழகு."

எண்பத்திரண்டு பொங்கல் கழிந்து வந்த கடிதத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தாள். அக்டோபரில் வா அக்கா, கூட்டமிருக்காது, டிக்கெட் நான் எடுக்கிறேன் என்று.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவள் நாத்தனார் விஜயகுமாரி, வில்லியனூர்க்காரி, மூன்று வருஷமாக ஜூலை பிறந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரான்சுக்குப் போகிறாள். அவளுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் உண்டு. திரும்பி வந்து சென்ட் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பாள். சுற்றிப் பார்த்தேன் என்பாள். அவளுக்கு மட்டும் நல்ல சீசன், கூடப் பிறந்த எனக்குச் சீசன் முடிந்த மிச்சமா? ஆடி கழிந்த மாம்பழத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது போலத்தான் அது எனக்குப் பட்டது.

"அக்டோபர்ல நம்மளுக்கு நடவாச்சே" என்றார் வீட்டுக்காரர்.

"நடவு கிடக்குது. அவ நாத்தனாருக்கு ஜூலை, எனக்கு மட்டும் அக்டோபரா?"

ஜூலையில்தான் வருவேன், செப்டம்பர் கடைசியில் திரும்புவேன் என்று எழுதினேன். அவள் கெஞ்சினாள். ஜூலையில் கூட்டம், வெயில், டிக்கெட் இரட்டை விலை என்றாள். நான் மசியவில்லை. நாலு கடிதம் சண்டை போட்டு ஜெயித்தேன். ஜூலை டிக்கெட்டே வந்தது.

போய் இறங்கின மறுநாளே தெரிந்துவிட்டது. கடற்கரையில் தரையே தெரியவில்லை, அவ்வளவு ஜனம். நம்மூர்த் திருவிழாக் கூட்டத்திலாவது ஓர் ஓரமாகக் குந்தலாம். சிங்காரவேலுதான் என்னை அழைத்துப் போனார். எதைப் பார்க்கவும் வரிசை. ஒரு பழைய அரண்மனை வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன், உள்ளே போய் ஒருத்தன் தோளையும் ஒரு தொப்பியையும் பார்த்துவிட்டு வந்தேன். வெயிலில் மண்டை காய்ந்தது, கால் வீங்கியது. ஆனாலும் நன்றாயிருக்கிறது என்றே சொன்னேன். கேட்டு வாங்கின ஜூலையாயிற்றே.

அதைவிட எரிச்சல் வேறு. தங்கை என்னோடு வரவேயில்லை. விடிந்ததும் அவளும் விஜயகுமாரியும் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கேட்டால், "ஒரு சின்ன வேலைக்கா, வந்துடறேன்" என்பாள். சாயங்காலம் வந்து படுத்தால் எழுந்திருக்கமாட்டாள். ஊர் சுற்றுகிற அலுப்பு என்று நினைத்தேன். கூடப் பிறந்தவளை இந்தப் பட்டாளத்துக்காரரோடு வரிசையில் நிறுத்திவிட்டு நாத்தனாரும் இவளும் ஜோடி போட்டுக்கொண்டு எங்கே போகிறார்கள்? ஒன்பதாம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

மூன்று தெரு தாண்டி ஒரு பெரிய ஹோட்டல். மேலே எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அது கடிதத் தாளில் இருந்த அதே பெயர். இரண்டு பேரும் முன்வாசலில் நுழையவில்லை. பக்கத்துச் சந்தில் போய்ப் பின்கதவைத் திறந்தார்கள். நானும் நுழைந்து படியேறினேன். மூன்றாவது மாடியில் ஓர் அறை திறந்திருந்தது. விஜயகுமாரி நீல நிற ஏப்ரனைக் கட்டிக்கொண்டு படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். குளியலறைத் தரையில் முட்டி போட்டு, யாரோ உதிர்த்த தலைமுடியைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள் என் தங்கை.

நிமிர்ந்து பார்த்தவள் எழுந்திருக்கவில்லை. "நீ இன்னாத்துக்குக்கா வந்தே?"

"நீங்க ரெண்டு பேரும் என்னை வுட்டுட்டு எங்க சுத்தறீங்கன்னு பாக்க வந்தேன்."

விஜயகுமாரி சிரித்துவிட்டாள். "சுத்தறோம் அண்ணி. இந்த மாடியில பதினாலு ரூம், மேல் மாடியில பதினாலு. மூணு வருசமா நான் பாத்த பிரான்சு இதான். சீசனுக்கு ஆள் வேணும்னு கூப்புடுவாங்க, வருவேன், முடிஞ்சதும் அனுப்பிடுவாங்க."

"மேல் மாடியுமா?" என்றேன்.

"போன வருசம் வரைக்கும் ஒரு மாடிதான்" என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஆதிலட்சுமி அவளை முறைத்தாள். என் ஜூலை டிக்கெட்டுக்காகத்தான் மேல் மாடி என்பது எனக்கு யாரும் சொல்லாமலே விளங்கிவிட்டது.

"பின்ன ஊர் ஊரா போனேன்னு எழுதினது?"

"அது நெசம்கா. அக்டோபர் ஒண்ணாந்தேதி இந்த ஹோட்டலை மூடிடுவாங்க. அதுக்கப்புறம் நாலு மாசம் நான் யாருக்கும் படுக்கை போட வேணாம். எல்லா ஊர்லயும் ரூம் காலியா கெடக்கும், எங்களாட்டம் வேலை செய்யறவங்களுக்குச் சும்மா கூடக் குடுப்பாங்க. அப்ப போவோம். உன்னை ரயில்ல ஜன்னலோரம் குந்த வச்சு அழைச்சிட்டுப் போவணும்னு நெனச்சேன். நீ இதைப் பாக்காம ஊருக்குப் போயிருப்பே."

எனக்கு வெட்கமாக இருந்தது. விரிப்பின் இந்த முனையைப் பிடித்தேன். விஜயகுமாரி அந்த முனையைப் பிடித்தாள். நான் மூலையை மடித்த அழகைப் பார்த்து அவள் இரண்டு தடவை அவிழ்த்து மறுபடி மடித்தாள். அதற்குப் பிறகு தினமும் போனேன். சந்தில் மேலாளர் வருகிறாரா என்று பார்ப்பது சிங்காரவேலுவின் வேலையாயிற்று.

நான் கேட்டு வாங்கின தேதி செப்டம்பர் இருபத்தைந்து. ஹோட்டல் மூட இன்னும் ஐந்து நாள் இருந்தது. தேதியை மாற்ற முடியுமா என்று விமானக் கம்பெனியில் நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். முடியாது என்றார்கள். விமான நிலையத்துக்கு வந்த தங்கை என் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, மத்தியான ரூம்களுக்கு நேரமாயிற்று என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பாகூரில் நடவு நடந்துகொண்டிருந்தபோது கடிதம் வந்தது. வரப்பில் நின்று பிரித்தேன். "ஹோட்டல் மூடியாச்சு அக்கா. நேற்று கடற்கரைக்குப் போனேன். ஓர் ஆள் இல்லை. இரண்டு நாற்காலி போட்டேன். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் கடல் எனக்கு மட்டும்தான்."

எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது. அவளைப் பார்த்து இல்லை. அந்த இன்னொரு நாற்காலியில் யார் வந்து உட்காரப் போகிறார்களோ அவர்களைப் பார்த்து. சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அன்றைக்கே பதில் எழுதினேன். அடுத்த அக்டோபரில் வருகிறேன், நடவை உன் மாமா பார்த்துக்கொள்வார், அதுவரைக்கும் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காதே, அந்த விஜயகுமாரியைக்கூட.