கண்ணாடியில் ஒரு தட்டல்

நெவெங்கா காரின் இரண்டாவது பிளக் ஒயரைப் பிடுங்கினாள். என்ஜினின் விக்கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் ஒயரைப் பிடுங்கியபோது வண்டி நின்றேபோய்விட்டது. பிடுங்கியும் சத்தம் மாறாவிட்டால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

"ரெண்டாவதுல கோளாறுப்பா!" என்று கத்தினாள்.

மூடிய ஜன்னலுக்குப் பின்னால் கட்டிலில் கிடந்த அப்பா வுக்காஷின், கரண்டியால் கண்ணாடியை ஒருமுறை தட்டினார். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. மூன்று நாளாகப் பேச்சு நின்றுவிட்டது. அதிகாரம் நிற்கவில்லை.

"ஜன்னலைத் திறந்து விடேம்மா. அப்பாவுக்கு நல்லாக் கேட்கும்."

வாசலில் நின்ற அம்மா முறைத்தாள். "வாயைக் கழுவுடி. உயிர் போனாத்தான் ஜன்னலைத் திறந்து விடுவாங்க. அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

நாற்பத்தாறு வயதாகியும் அந்தப் பழைய காரின் பானெட்டை நெவெங்கா தொட்டதில்லை. அந்த ஊர் அப்பாக்களைப் போல அவரும் மகளை 'மகனே' என்றுதான் கூப்பிடுவார். "தள்ளி நில்லு மகனே, கையெல்லாம் கிரீஸ் ஆயிடும்." போன மாதம்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடுங்கும் கையால் பிளக் நான்கையும் அவரே மாற்றினார். அன்று பிடித்த விக்கல்தான் இது. முதலில் பெட்ரோல் பங்க்காரனைத் திட்டினார். பிறகு மொராவா ஆற்றுப் பனியின் ஈரம் என்றார். கடைசியில் நெவெங்கா ஓட்டும் லட்சணம் என்றார். இன்று காலை அவளைப் பார்த்துவிட்டு, விரலால் காரைக் காட்டினார். எத்தனை வருஷம் ஏங்கிய அனுமதி! வந்த நேரத்தில் அவளுக்கு நிமிரக்கூடத் தெம்பில்லை. மூன்று ராத்திரித் தூக்கம் பாக்கி.

மூன்றாவதைப் பிடுங்கினாள். சத்தம் மாறவில்லை. நான்காவதில் வண்டி நின்றது.

இரண்டும் மூன்றும். ஒயர்களை விரலால் தடவிக்கொண்டே, அவை மறுமுனையில் செருகியிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வரை போனாள். இரண்டும் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தன. ஈரமும் இல்லை, பெட்ரோலும் இல்லை. அப்பாவின் கை.

"என்னடி ஆச்சு? உங்கப்பா பார்த்துக்கிட்டே இருக்கார்" என்றாள் அம்மா.

அவரிடம் ஒரே ஒரு தப்பையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பாள். இன்று கிடைத்தது, கிடைத்திருக்க வேண்டாம் என்று இருந்தது. ஒயர்களை மாற்றிச் செருகி, வண்டியைக் கிளப்பினாள். விக்கல் போய்ச் சீராக ஓடியது.

"ஈரம்தான்ப்பா! ஒயர்ல ஈரம் ஏறியிருக்கு! நீங்க சொன்னதுதான் சரி!"

அம்மா உள்ளே போனாள். நெவெங்கா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தட்டு போதும். இரண்டு தட்டினாலும் சரி, பொய் என்று தெரிந்துகொண்டு தட்டினாலும் சரி.

ஜன்னலின் கொக்கி விடுபட்டது. இரண்டு கதவுகளையும் அம்மா அகலத் திறந்து வைத்தாள்.

நெவெங்கா சாவியில் கை வைத்தாள். "அவருக்குக் கேட்டுதாம்மா?"

அம்மா காரைப் பார்த்தாள்.

"அணைக்காதே. கொஞ்ச நேரம் ஓடட்டும்."