இரண்டு கையையும் மடக்கக் கூடாது

கணக்கு டீச்சருக்கு இரண்டு கையிலும் ஊசி குத்தியாயிற்று. நர்ஸ் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிவிட்டு, "நாலு மணி நேரம் கையை மடக்கக் கூடாதும்மா. மூக்கு அரிச்சாக்கூட சார்கிட்ட சொல்லுங்க, அவர் சொறிஞ்சு விடுவார்," என்று சிரித்தாள். அந்த சாரோடு டீச்சர் பேசி ஏழு மாதம் ஆகிறது என்று பாவம் அவளுக்கு எப்படித் தெரியும்?

சார் என்பது கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக். இந்த ஏழு மாதமாக மகள்தான் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வருவாள். நேற்று அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல்காரர்கள் அம்மா பக்கமே வரக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. வேறு வழியில்லாமல் இவன் வந்து சேர்ந்தான்.

ஏழு மாதத்துக்கு முன்னால்தான் டீச்சருக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. அது ஒரு வைரஸால் வருவது, வைரஸ் பல வருஷம் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது, அதனால் யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அன்று கூட வந்திருந்த அவனிடம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் கேட்டாள். "எனக்கு உங்களைத் தவிர யாரையும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு யாராவது இருந்தாங்களா?"

"சேச்சே," என்றான்.

இருபத்தெட்டு வருஷமாகத் தப்பு விடைகளைத் திருத்திக்கொண்டிருக்கும் பெண்மணியிடம் போய் இப்படியா சொல்வது? அந்தச் 'சேச்சே'யை அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பஸ் வந்தது. ஏறி வேறு சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றோடு பேச்சு நின்றது. "உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்வாள். மகள் வேலைக்குப் போன நேரமானால் மேஜையில் தட்டை டொக்கென்று வைப்பாள். வைரஸுக்காக அவள் கோபப்படவில்லை, பொய்க்காகத்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை "ஏங்க" என்பாள். ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு. ஏங்க, கண்ணாடி எங்க வச்சேன்? அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கிப்போய்க் கிடந்தான். வீட்டில் எந்த அறையில் இருந்தாலும் காது அவள் பக்கமே இருந்தது.

ஆபரேஷன், கதிர்வீச்சு, மருந்து எல்லாம் முடிந்தும் கட்டி வேறு இடத்தில் தலை காட்டியது. அப்போதுதான் இந்தப் புதுப் பரிசோதனை சிகிச்சையைச் சொன்னார்கள். உத்தரவாதம் எதுவும் கிடையாது. இவளுடைய ரத்த செல்களையே எடுத்து, அந்த வைரஸின் ஒரு துண்டை அவற்றுக்குள் புகுத்தி, திரும்ப உடம்புக்குள் விடுவார்கள். அவை போய் மற்ற செல்களிடம் திருடன் இவன்தான் என்று காட்டிக் கொடுக்க வேண்டும். "என் செல்லுக்கே டியூஷனா?" என்று டீச்சர் டாக்டரிடம் கேட்டாளாம். மகள் வந்து சொன்னபோது அவன் சமையலறையில் போய் நின்றுகொண்டான். அந்தக் கிண்டலெல்லாம் முன்பு அவனுக்குக் கிடைத்தவை.

இன்றைக்கு அந்தச் செல்களை எடுக்கும் நாள்; கட்டில் பக்கத்தில் அதற்கான இயந்திரம் சுழன்றது. ஒரு கையிலிருந்து ரத்தம் போய், வேண்டிய செல்களை மேலே தொங்கிய பையில் விட்டுவிட்டு, மறு கை வழியாகத் திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மூக்கைச் சுளித்தாள். உதட்டை மேலே இழுத்து ஊதினாள். அவன் பாதி எழுந்தான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உட்கார்ந்துவிட்டான். என்ன பிடிவாதம் பாருங்கள். கடைசியில் தாங்க முடியாமல் தோளில் மூக்கைத் தேய்க்கப் போனாள். முழங்கை மடங்கியது. இயந்திரம் கூவிக்கொண்டே நின்றது.

நர்ஸ் ஓடி வந்து குழாயைச் சரிசெய்தாள். சிரிப்பு போயிருந்தது. "இன்னொரு தடவை ஆச்சுன்னா மறுபடி குத்தணும்மா. உங்களுக்கு நரம்பு கிடைக்கிறதே பெரும்பாடு. இன்னைக்கு செல் போதலைன்னா மருந்தே செய்ய முடியாது. சார், நீங்க என்ன பண்றீங்க? பக்கத்துலதானே இருக்கீங்க?"

நர்ஸ் போனதும் அவன் ஸ்டூலை நெருக்கிப் போட்டான். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் முதல் வேலை கதவைத் திறப்பதல்ல, வெளியே நின்று பேச்சுக் கொடுப்பது. உள்ளே இருப்பவர் கையைக் காலை ஆட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது. எத்தனை மூடிய கதவுகளிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறான். தன் வீட்டில் ஏழு மாதம் ஊமையாக இருந்திருக்கிறான்.

"அன்னைக்குச் சொன்னது பொய்," என்றான். "எனக்கு இருபத்திரண்டு வயசு. வேலை கத்துக்கிட்ட ஊர். துணிக்கடையில பில் போடுற பொண்ணு. ஏழெட்டு மாசம் பழக்கம். அப்புறம் எனக்கு வேற ஊருக்கு மாத்தல். ஒரு லெட்டர்கூடப் போடலை."

அவள் ஜன்னலையே பார்த்தாள்.

"நான்தான் உனக்குக் கொண்டுவந்துட்டேனோன்னு பயம். சொன்னா என்னை விட்டுடுவியோன்னு அதைவிடப் பயம். சொல்லாமலே அதுதான் நடந்துச்சு."

மேலே பை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மூக்கோரம் வந்து நின்றது. துடைக்கக் கை இல்லை. அவன் கைக்குட்டையை எடுத்தான். கேட்காமல் தொடலாமா என்று தெரியாமல் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"ஏங்க," என்றாள்.

அவன் அவள் பக்கம் குனிந்தான். "சொல்லு, சொல்லு."

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கா?"

"தெரியலையே."

"அவளுக்கும் இது வந்திருந்தா? அவகிட்ட யாரு சொல்லியிருப்பா?"

ஏழு மாதமாக ராத்திரி பகல் இதே நினைப்பாக இருந்தவன்தான். பொய்யை நினைத்தான், இவளை நினைத்தான், தன்னை நினைத்து நிறையவே அழுதான். அந்தப் பெண்ணுக்கு ஓர் உடம்பு உண்டு என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"கடை பேரு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தேடுங்க. கிடைச்சா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நானே வேணும்னாலும் பேசறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இப்ப மூக்கைச் சொறிஞ்சு விடுங்க. ஒரு மணி நேரமா உயிர் போகுது."

அவன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு விரலால் மெதுவாகச் சொறிந்தான்.

"அங்க இல்ல," என்றாள் டீச்சர். "இன்னும் மேல."